பொறியியல், பாலிடெக்னிக் படிக்க வரும் முதல் தலைமுறைப் பெண்கள் எந்தப் பின்னணியிலிருந்து வருகிறார்கள்? அவர்களை இந்தப் படிப்புக்குக் கொண்டுவருவது எது?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறார்: இந்தப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே இயந்திரங்கள் மேல் ஆர்வம் இருந்ததா, இல்லை யாராவது முன்மாதிரியாக இருந்தார்களா என்று.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, அப்புறம் பி.இ. முடித்து, இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இல்லை. அம்மா பீடி சுற்றினார். அப்பா கேரளாவில் சுமை தூக்கினார். என் விஷயத்தில் ஆர்வம் கடைசியாகத்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது, நாலு வீடு தள்ளியிருந்த ஓர் அக்காவின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மினி டிராஃப்டர், அதாவது பொறியியல் வரைபடம் போடும் கருவி.

எங்கள் ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெண் பிள்ளைகள் எல்லோரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். இலையை ஊறவைப்பது, தகட்டை வைத்து அளவாக வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, முனையை மடக்குவது, நூல் கட்டுவது. சின்னவர்களுக்கு வெட்டும் வேலையும் மடக்கும் வேலையும். ஒரு நாளைக்கு 1000 பீடி சுற்றினால்தான் அது கூலி. கடையில் கொண்டுபோய்ப் போட்டால், பருமன் கூடினது, குறைந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழித்துவிடுவார்கள். அந்த வீட்டில் என்ன இயந்திரம் இருந்தது என்று கேட்டால், ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. ரேடியோவைப் பிரித்துப் பார்த்துப் பொறியாளர் ஆனேன் என்று சிலர் பேட்டியில் சொல்வதைப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதைப் பிரித்திருந்தால் ஆச்சி அப்புறம் என்னத்தைக் கேட்பார்? இன்னொன்று வாங்க வழியில்லை.

அந்த அக்கா சிவில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தார். 2003இல் நான் பத்தாவது எழுதி முடித்த விடுமுறையில், "மேல என்ன செய்யப் போற?" என்று கேட்டார். பிளஸ் ஒன் சேர்ந்தால் சேருவேன், இல்லையென்றால் முழுநேரம் பீடிதான் என்றேன். அவர்தான் சொன்னார், பத்தாவது முடித்தாலே டிப்ளமோ சேரலாம், மூன்று வருடம், முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்திலேயே நேராகச் சேரலாம் என்று. இது எதுவும் எனக்குத் தெரியாது. என் வகுப்பில் யாருக்குமே தெரியாது. பள்ளியில் எங்களுக்கு நன்றாகவே பாடம் நடத்தினார்கள், ஆனால் இதை மட்டும் யாரும் சொன்னதில்லை. விண்ணப்பப் படிவத்தை அந்த அக்காதான் வாங்கி வந்தார், அவர்தான் நிரப்பினார், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே வந்தார்.

அம்மாவுக்குப் பயம். "ஏட்டி, ரெண்டு பஸ்ஸு மாறிப் போணுமாம்லா? இருட்டிப் போச்சுன்னா யாரு கூட வருவா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். படிப்பு கடினமா, வேலை கிடைக்குமா என்பதெல்லாம் அவர் கேள்வியே இல்லை. ஆச்சிதான் வாசலில் இருந்தபடி, "போயிட்டுப் போறா. இங்க கெடந்து என்னைய மாதிரி இருமிக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்?" என்றார். ஆச்சிக்கு நாற்பது வருடப் புகையிலைத் தூள் நெஞ்சில். அப்பாவிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினோம். "மெக்கானிக்கல்னா ஒர்க்‌ஷாப் வேலையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், "அந்தப் பிள்ளையும் அதே பஸ்லதான் போகுதுன்னா சரி" என்றார்.

அனுமதி கிடைத்தது அந்த நிபந்தனையின் பேரில்தான். அந்த அக்கா வேறு திசையில் உள்ள கல்லூரியில் படித்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பல வருடம் யோசித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மெக்கானிக்கலை நான் தேர்ந்தெடுத்ததாகவும் சொல்ல முடியாது. சேர்க்கைக்குப் போன அன்று கம்ப்யூட்டரில் இடம் முடிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "மெக்கானிக்கல் பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படாதும்மா, அடுத்த வருஷம் வா" என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். முறத்தை முழுநேரமாக மடியில் வைத்துவிட்டால் அப்புறம் யார் எடுப்பது? மெக்கானிக்கலே போதும் என்றேன். 60 பேரில் நாங்கள் 3 பெண்கள்.

ஆர்வம் வந்தது முதல் வருட ஒர்க்‌ஷாப்பில். தகர வேலை செய்யும் ஷீட் மெட்டல் பிரிவில், ஒரு மாதிரித் தகட்டை வைத்துக் கோடு போட்டு, ஓரம் பிசிறில்லாமல் வெட்டச் சொன்னார்கள். பையன்கள் திணறினார்கள். எனக்கு அது எட்டு வயதிலிருந்து செய்த வேலை. இலைக்குப் பதில் தகரம், அவ்வளவுதான். ஃபிட்டிங்கில் அரம் போட்டு ஒரு முகத்தைச் சமன் செய்யும்போது, செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து எங்கே மேடு என்று சொல்லிவிடுவேன். பயிற்றுநர் ஒருநாள் என் கையைப் பார்த்து, "யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். பீடி என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா நின்றேன். இன்று அந்தப் பதிலைச் சத்தமாகச் சொல்வேன். இப்படி வரும் பெண்களை 'அடிப்படை இல்லாதவர்கள்' என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பட்டாசுக்குத் திரி செருகியவள், தறியில் அறுந்த இழையை ஓடும்போதே பிடித்து முடிந்தவள், செங்கல் சூளையில் வரிசை எண்ணி அடுக்கியவள், இவர்களெல்லாம் அளவோடும் ஒழுங்கோடும் வேலை செய்து பழகித்தான் வருகிறார்கள். அதைத் தொழில்நுட்பம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

பிறகு எப்போதோ அ. லலிதாவைப் பற்றிப் படித்தேன். 1919இல் பிறந்தவர், 15 வயதில் திருமணம், 18 வயதில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின் பொறியியல் படித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். அதே காலத்தில் அங்கே பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் படித்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்தல் வேலைகளில் பங்கெடுத்தார், 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். அவருடைய துணிவை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் அந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறு. அவருடைய அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். பெண்களே இல்லாத கல்லூரியில் மகளுக்காகப் போய் அனுமதி கேட்க அவரால் முடிந்தது. கல்லூரி முதல்வர் சாக்கோவும் சம்மதித்தார். கட்டடத்துக்கு உள்ளேயே ஓர் ஆள் இருந்தார்.

எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே ஆள் கிடையாது. அந்த இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான், என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கான பதில்.

என் தங்கைக்கு நான் நின்றேன். அவள் 2008இல் பிளஸ் டூ முடித்தாள். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். நுழைவுத் தேர்வு இருந்திருந்தால் அவள் பயிற்சிக்குத் திருநெல்வேலி போயிருக்க வேண்டும், அதற்கு எங்களிடம் பணமும் இல்லை, தங்க இடமும் இல்லை. கலந்தாய்வு அப்போது நேரில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தில். அம்மாவும் தங்கையும் நானும் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். அம்மா அதற்கு முன்னால் மதுரையைத் தாண்டியதில்லை. கிண்டிக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டா இது?" என்று மெதுவாகக் கேட்டார். லலிதா நடந்த கட்டடம் அதுவென்று அன்று எங்களுக்குத் தெரியாது. திரையில் காலியிடங்கள் ஓடும்போது எந்தக் கல்லூரியில் விடுதி இருக்கிறது, எது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம் என்று நான் ஏற்கெனவே விசாரித்து எழுதி வைத்திருந்தேன். தங்கை ஈ.சி.இ. எடுத்தாள், மின்னணு, தொடர்பியல் படிப்பு.

இப்போது ஒவ்வொரு ஜூனிலும் முதல் வருடப் பெண்களிடம் உட்கார்ந்து பேசுகிறேன். இது ஆய்வு இல்லை, எங்கள் துறையில் வரும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்பது. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் நேரான பதில்கள்தான் வரும். "அண்ணன் படிச்ச புத்தகமும் டிராஃப்டரும் வீட்டுல இருக்கு மேடம்." "அப்பா வயரிங் வேலை பார்ப்பாங்க, நான் கூடப் போவேன்." "இங்க ஹாஸ்டல் இருக்குன்னு சொன்னாங்க." ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் இடம் கிடைத்தால்தான் சேர முடியும் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் காத்திருந்த பிள்ளை உண்டு. அப்பாக்களைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பல வீடுகளில் அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியிலோ சித்தாள் கூலியிலோதான் எல்லாம் நடக்கிறது. "எங்கம்மா, நீயாவது மாசச் சம்பளம் வாங்கணும்னு சொல்லும் மேடம்" என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அறிவியல் கண்காட்சியோ பெரிய மனிதர்களின் உரையோ காரணம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. அம்மாக்கள்தான் காரணம், ஆனால் அம்மாக்களுக்குப் பாதை தெரியாது. அம்மாவின் ஆசையும் வழி தெரிந்த ஒருவரும் ஒரே ஜூன் மாதத்தில் சந்திக்க வேண்டியிருக்கிறது.

அரசுத் திட்டங்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள். செய்கின்றன, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது தெரிந்திருக்கும். 2011இலிருந்து பத்தாவது முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ முடித்தவளுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம். அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வைத்தே, "டிப்ளமோவை முடிக்கட்டும், கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்லி மகளை விட்டுவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். படிப்பைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போடுவது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்களுக்கு மூன்று வருடம் கிடைத்தது, அதில் சிலர் கல்யாணத்தை மறந்து வேலைக்குப் போனார்கள். 2022 செப்டம்பரில் அதே திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றி, புதுமைப் பெண் என்று பெயர் வைத்து, 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் போடத் தொடங்கினார்கள். 1000 ரூபாய்க்கு என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பேருந்துக்கு மேல் ஆகும் செலவு, நாப்கின், ரெக்கார்டு நோட்டு, போனுக்கு டாப்-அப், இது எதற்கும் அவள் அண்ணனிடமோ அப்பாவிடமோ கை நீட்ட வேண்டியதில்லை. எங்கள் மாணவிகள் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்வதில்கூட அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

2021இல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கழகத்தின் பிரகதி உதவித்தொகை வருடத்துக்கு 50,000 ரூபாய், டிப்ளமோ பெண்களுக்கும் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்களில் 2018இலிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி 2020இல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் அது ஏற்கெனவே அந்தத் தேர்வுக்குத் தயாராக முடிந்த வீட்டுப் பெண்களுக்கு. நான் பேசும் பெண்கள் அந்த வரிசையிலேயே இல்லை.

திட்டம் இருப்பதும் கைக்கு வருவதும் வேறு வேறு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. எனக்கு முதல் வருடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அம்மா சுற்றிய பீடியெல்லாம் பெரியம்மா பெயரில் கடையில் பதிவானது. அம்மா பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையே இல்லை. இருபது வருடம் சுற்றிய ஒரு பெண், காகிதத்தில் பீடித் தொழிலாளியே இல்லை. அட்டை வாங்க எட்டு மாதம் ஆனது.

சேர்ந்த பிறகு பெண்களை நிறுத்தி வைப்பது எது, விரட்டுவது எது என்பதையும் சொல்ல வேண்டும். நான் படித்த இடத்தில் ஒர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பிரதானக் கட்டடத்துக்குப் போய்வரக் கால் மணி நேரம் ஆகும். மூன்று பேரும் ஒர்க்‌ஷாப் நாளில் தண்ணீர் குடிக்க மாட்டோம். மூன்று வருடம் இப்படி. ஒருத்திக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஒரு செமஸ்டரே போனது. சீருடையில் துப்பட்டா கட்டாயம், சுழலும் கடைசல் இயந்திரமான லேத்தில் துப்பட்டா ஆபத்து, இரண்டையும் ஒரே கல்லூரி சொல்லும். கடைசியில் ஓர் ஆசிரியை மேலே போடக் காக்கிக் கோட்டு வாங்க வைத்து, பின்னலைக் கொண்டையாகச் சுற்றித் துணி கட்டச் சொன்னார். அந்த ஒரு ஆசிரியை அந்தத் துறையில் இல்லாமலிருந்தால் எங்களை லேத் பக்கமே விடாமல் ரெக்கார்டு எழுத வைத்திருப்பார்கள். பையன்கள் ஓட்டுவதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வது அப்போது வழக்கமாகவே இருந்தது.

மொழியும் ஒரு சுவர். போன வருடம் பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்த ஒரு பெண், தமிழ் வழியில் படித்தவள், ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் பாடம் ஆரம்பித்த இரண்டு வகுப்புகள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து, "மேடம், இது தகைவு, திரிபுதானே? யங் குணகம் வருமே?" என்றாள். எல்லாம் தெரிந்திருக்கிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த நாளிலிருந்து பலகையில் இரண்டு பெயரையும் எழுதுகிறேன். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் ஆரம்பித்தபோது பலர் வேலை கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள். பெண்கள் பாதியில் நிற்பதற்கான காரணங்களில் இந்த வாயடைப்பும் ஒன்று என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

படித்து முடித்தபின் நடந்தது எனக்கு இன்றும் வலிக்கும். 2006இல் கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனம் வந்தது. வகுப்பில் நான் இரண்டாவது. வரிசையில் நின்றபோது, "லேடீஸ் வேண்டாம், நைட் ஷிஃப்ட் இருக்கு" என்று எங்கள் மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று இருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது, பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகள் போட்டு. அது எங்களுக்கும் தெரியாது, எங்களை அனுப்பிவைத்த கல்லூரிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். மற்ற இருவரில் ஒருத்தி அந்த வருடமே கல்யாணமாகிப் போனாள். அவள் டிராயிங் ஷீட்டுகளை இன்னும் நான் வைத்திருக்கிறேன், என் மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறேன். அவ்வளவு சுத்தமான கோடுகள்.

நான் வங்கிக் கடன் வாங்கி பி.இ. போனேன். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவர், சிவில் டிப்ளமோ படித்த அந்த அக்காவின் அப்பா.

சென்ற வாரம் சேர்க்கை மேசையில் நான் இருந்தேன். கல்குவாரியில் வேலை செய்யும் ஓர் அம்மா, பத்தாவதில் 412 எடுத்த மகளோடு வந்திருந்தார். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றாள் மகள். ஏன் என்று கேட்டேன். குவாரியில் கம்ப்ரசர் பழுதானால் அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி இல்லை, அதைச் சரிசெய்ய வருபவர் எப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்றாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி பஸ்சு எத்தன மணிக்கும்மா?" 5.40க்கு ஒன்று, 6.15க்கு ஒன்று, இரண்டாவதில் அவர்கள் ஊர்ப் பக்கத்து மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி போகிறாள் என்றேன். அவளை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினேன். கையெல்லாம் எண்ணெயோடு வந்து நின்றாள். இரண்டு பெண்களும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் போன் இல்லை, அதனால் மதிப்பெண் சான்றிதழ் நகலின் பின்பக்கத்தில் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.